பெற்றோர் படுக்கையில் விழுந்தால் பணத்தை யார், எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகு முதியவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களோடு பேசும்போதும் சரி, ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பது பெரும்பாலும் மகளோ மகனோ. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு, கையில் பில்லோடு கேட்பார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். விதிகள் இந்தியாவுக்கானவை, அலுவலகப் பெயர்கள் தமிழ்நாட்டு வழக்கப்படி. சொத்து பெரிதாக இருந்தாலோ, குடும்பத்துக்குள் தகராறு இருந்தாலோ, ஒரு வக்கீலையும் ஆடிட்டரையும் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

1. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில இருக்கார். பண விஷயத்துல முதல்ல எதைப் பார்க்கணும்?

அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான். சொல்வது புரிந்து, தன் விருப்பத்தைச் சொல்லக்கூடிய நிலையில் அவர் இருந்தால் கீழே வரும் எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. அந்தத் தெளிவு போய்விட்டால் பல வழிகள் ஒரே நாளில் அடைபடும். அதனால் கையெழுத்தோ கைரேகையோ தேவைப்படும் வேலைகளை முதலில் முடியுங்கள். நாமினி, ஜாயிண்ட் கணக்கு, பவர் (அவர் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), உயில் எல்லாம் இதில் சேரும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள்: மாதம் என்ன வருகிறது (பென்ஷன், வாடகை, வட்டி), என்ன போகிறது, எந்தக் கணக்கில் என்ன இருக்கிறது. வங்கியில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் எது, அந்தப் போன் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிய அவசரத்தில் தொலைந்த போனால், ஓடிபி வராமல் வாரக்கணக்கில் தவித்த குடும்பங்கள் உண்டு.

2. அப்பாவோட ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் என்கிட்டதான் இருக்கு. அது போதாதா?

பால் பாக்கிக்கும் மருந்துக்கும் போதும். மாதாமாதம் பெரிய செலவு வரும்போது போதாது. கார்டும் பின்னும் கணக்குக்காரரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது வங்கியின் நிபந்தனை. அப்பாவே மனமுவந்து கொடுத்திருந்தாலும், பணம் மோசடியில் போனால் "பின்னை அடுத்தவரிடம் கொடுத்தது உங்கள் தவறு" என்று வங்கி கைவிரித்துவிடும். கார்டு காலாவதியானாலோ மாட்டிக்கொண்டாலோ, புதியது வாங்க அப்பாவின் கையெழுத்துதான் வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கூடப்பிறந்தவர்களிடமிருந்து வரும். இரண்டு வருடம் கழித்து "அப்பா கணக்கிலிருந்து நீ எடுத்த பணமெல்லாம் எங்கே?" என்று கேட்டால், ஏடிஎம் ரசீது எந்தப் பதிலையும் சொல்லாது. உங்கள் பெயரில் எழுத்துப்பூர்வமான அதிகாரம் இருப்பது முதலில் உங்களுக்கே பாதுகாப்பு.

3. ஜாயிண்ட் அக்கவுண்ட் போட்டா போதும்னு சொல்றாங்க. அப்போ பணம் என்னுதாகிடுமா?

ஆகாது. ஜாயிண்ட் கணக்கு பணத்தை எடுக்க வசதி தருகிறது, அவ்வளவுதான். அப்பாவின் சம்பாத்தியத்தில் சேர்ந்த பணம் அப்பாவின் பணம்தான். அவர் காலத்துக்குப் பிறகு உயிலோ வாரிசுச் சட்டமோ சொல்கிறவர்களுக்கே போகும்.

கணக்கு எந்த வகை என்பதைக் கவனியுங்கள். "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்றால் நீங்கள் தனியாகவே எடுக்கலாம். "முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்றால் அப்பா இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்க முடியும். பராமரிப்புக்கு இது உதவாது. எஃப்டியில் (நிலையான வைப்பில்) இன்னொரு நுணுக்கம் உண்டு: முதல் வகையில் போட்டிருந்தாலும், முதிர்வுக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவரே உடைக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. இந்தக் கடிதத்தை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் பென்ஷன் வரும் கணக்கை மனைவி அல்லது கணவரோடு மட்டுமே ஜாயிண்ட்டாக வைத்துக்கொள்ளலாம். மகனையோ மகளையோ அதில் சேர்க்க முடியாது. வீட்டுச் செலவுக்கென்று தனியாக ஒரு ஜாயிண்ட் கணக்கு தொடங்கி, பென்ஷன் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை அதற்குப் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிடுவதுதான் நான் எப்போதும் சொல்லும் வழி. பராமரிப்புச் செலவு முழுக்க அந்த ஒரே கணக்கு வழியாகப் போகட்டும்.

4. நாமினியா என் பேர்தான் இருக்கு. அப்புறம் என்ன?

அப்பா உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் எடுக்கவும் உரிமையில்லை. இருப்பு எவ்வளவு என்று கேட்கக்கூட உரிமையில்லை. அவர் மறைந்த பிறகும் வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுப்பது, உரிய வாரிசுகளிடம் சேர்ப்பிப்பதற்காகத்தான். உச்ச நீதிமன்றம் 1984இல் இன்சூரன்ஸ் விஷயத்திலும் 2023இல் நிறுவனப் பங்குகள் விஷயத்திலும் இதையே சொன்னது. இன்சூரன்ஸுக்கு மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சொந்தம்.

அதற்காக நாமினி வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். நாமினி இல்லாத கணக்கில் பணம் வாங்க அலைய வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாகப் போடலாம், பங்கு விகிதத்தையும் குறிப்பிடலாம். பிள்ளைகள் மூன்று நான்கு பேர் இருக்கும் வீட்டில் இது பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும்.

5. அம்மாவுக்குப் புத்தி தெளிவா இருக்கு, கைதான் வரலை. செக்கில் கையெழுத்துப் போட முடியலைன்னா என்ன பண்றது?

இதற்கு ரிசர்வ் வங்கியின் தெளிவான வழிமுறை இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர்களுக்கே சில சமயம் ஞாபகம் இருக்காது என்பதால் விவரமாகச் சொல்கிறேன். கைரேகை அல்லது கால் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். அது அவருடையதுதான் என்று வங்கிக்குத் தெரிந்த இரண்டு சுதந்திரமான சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாத நிலை என்றால், அவரால் போட முடிகிற ஏதாவது ஒரு குறி போதும். அதையும் அதே மாதிரி இருவர் அடையாளம் காட்ட வேண்டும். பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதையும் அம்மாவே சொல்ல வேண்டும், அந்த நபரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வார்கள்.

நடைமுறையில் இப்படி நடக்கும்: நீங்கள் கிளை மேலாளருக்கு ஒரு கடிதமும் மருத்துவர் சான்றும் கொடுப்பீர்கள். ஒரு அதிகாரி மை டப்பாவோடு வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வருவார். அவர் அம்மாவிடம் நேரடியாகப் பேசுவார்: உங்கள் பெயர் என்ன, எவ்வளவு எடுக்கிறோம், எதற்காக, யாரிடம் கொடுக்க. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அம்மா சொல்லட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. விரலில் ரேகை தேய்ந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை நிதானமாக வைக்கச் சொல்லுங்கள்.

70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று 2017இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. "அப்படியெல்லாம் வர முடியாது" என்றால் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். எழுத்தில் கேட்ட விண்ணப்பத்துக்கு மரியாதை தனி.

6. பவர் எழுதி வாங்கிட்டா எல்லாம் சரியாகிடும்தானே?

பெரும்பாலான குடும்பங்கள் ஏமாந்துபோகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆவது பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தெளிவை இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. வேறு சில நாடுகளில் நினைவு போன பிறகும் செல்லும் பவர் பத்திரம் உண்டு. இங்கே பொதுவான பவர் அப்படிச் செல்லாது. அதாவது உங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது செல்லாக்காசாகிறது.

பிறகு பவர் எதற்கு? அப்பாவுக்கு உடல்தான் முடியவில்லை, மனம் தெளிவு என்றால் அது மிகவும் பயனுள்ளது. வாடகை வசூல், வரி கட்டுவது, வங்கி வேலை, வழக்கு எல்லாவற்றையும் அவர் சார்பில் நீங்கள் செய்யலாம். எந்தெந்த வேலைக்கு என்று பட்டியலிட்டு எழுதுங்கள். வங்கிக்குத் தனி மாதிரிப் படிவம் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். வீடு, நிலம் விற்கும் அதிகாரம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்பாவால் வர முடியாவிட்டால், தகுந்த காரணம் காட்டி விண்ணப்பித்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வதற்குப் பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் தாமதிக்காதீர்கள். பத்திரமோ உயிலோ எழுதும் அதே நாளில், அவர் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. சொத்தில் பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போட வேண்டாம்.

7. அம்மாவுக்கு இப்போ யாரையும் அடையாளம் தெரியலை. பவரும் இல்லை, ஜாயிண்ட்டும் இல்லை. இனிமே என்ன வழி?

நீதிமன்றம்தான். நினைவிழந்த பெரியவரின் சொத்துக்குப் பாதுகாவலரை நியமிக்க நேரடியான, எளிய சட்டம் நம்மிடம் இல்லை. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை முடிவுகளைப் பற்றிப் பேசுகிறது, சொத்தைப் பற்றிப் பேசவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற நிலைகளுக்கானது. முதுமை மறதிக்கு அது பொருந்தாது.

அதனால் அரசமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார்கள். கோமாவில் இருப்பவர்கள் விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வழிமுறைகள் வகுத்தது: மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், வருவாய்த் துறை சொத்தையும் வாரிசுகளையும் விசாரிக்க வேண்டும், பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல், கோமாவில் இருந்த கணவரின் சொத்துக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, விற்கவும் அனுமதித்தது. விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரிலேயே வைப்பாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

மனுவோடு கொடுக்க நரம்பியல் மருத்துவரின் அறிக்கை, வாரிசுகள் எல்லோருடைய சம்மதக் கடிதம், சொத்து மற்றும் செலவுப் பட்டியல் மூன்றையும் தயாராக வையுங்கள். கூடப்பிறந்தவர்கள் ஒரே குரலில் நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

8. அப்போ ஏற்கெனவே ஜாயிண்ட்டா இருக்கிற கணக்கு? அம்மாவுக்கு நினைவு போனா அதுவும் நின்னுடுமா?

அன்றாட நடைமுறையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கையெழுத்திட்டு எடுக்கலாம். ஆனால் இருவரில் ஒருவர் மனத்தெளிவை இழந்துவிட்டார் என்று முறைப்படி வங்கிக்குத் தகவல் போனாலோ, இன்னொரு வாரிசு ஆட்சேபம் கொடுத்தாலோ, வங்கி கணக்கை நிறுத்திவைத்து நீதிமன்ற உத்தரவு கேட்கலாம். அதனால் எல்லாப் பணத்தையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள். எடுப்பதெல்லாம் அம்மாவின் செலவுக்கு மட்டும் என்று காட்டும் கணக்கும் கையில் இருக்கட்டும் (அதை எப்படி எழுதுவது என்று 14இல் சொல்கிறேன்).

9. நவம்பர்ல லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்காம பென்ஷன் நின்னுபோச்சு. போன பணம் போனதுதானா?

போகவில்லை. உயிர்ச்சான்று கொடுத்ததும் நின்ற மாதங்களுக்கான நிலுவையும் சேர்ந்து வரும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்குக் கால அட்டவணை வேறு, கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டியதில்லை. 2014இல் வந்த ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று முறையில் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். விரல்ரேகை பதியாதவர்களுக்காக, கைபேசிக் கேமராவில் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி 2021இல் வந்தது. நல்ல வெளிச்சத்தில், கண் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்துகொடுப்பார், கட்டணம் 70 ரூபாய்.

இன்னொன்று: மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், 85இல் அது 30 சதவீதம். பாஸ்புக்கில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த தேதிப் பதிவில் கோளாறு இருந்தால் ஏறாமலே கிடக்கும்.

10. அப்பா எங்கெங்க பணம் போட்டிருக்கார்னே தெரியலை. எப்படித் தேடுறது?

பீரோவில் தொடங்குங்கள்: பழைய பாஸ்புக், எல்ஐசி ரசீது, தபால் நிலையச் சேமிப்புப் புத்தகம், வருமான வரிக் கணக்கு. வரித் துறை இணையதளத்தில் அவர் பான் எண்ணுக்கு வரும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் எந்தெந்த வங்கி வட்டி கொடுத்தது என்பது தெரியும். மறந்துபோன எஃப்டிகள் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும்.

பத்து வருடம் தொடப்படாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் உரிமை போகாது. அதைத் தேட 2023இல் தொடங்கிய உத்கம் தளம் இருக்கிறது. மறந்துபோன மியூச்சுவல் ஃபண்டுக்கு மித்ரா என்ற தளம்.

11. ஹோம்ல மாசம் இவ்வளவுன்னு ஒண்ணு சொன்னாங்க, பில்லு வேற மாதிரி வருது. எதை முன்னாடியே கேட்கணும்?

முதியோர் இல்லமும் நர்ஸ் கவனிப்போடு கூடிய இல்லமும் ஒன்றல்ல. முன்னது தங்க இடமும் சாப்பாடும். பின்னதில் ஆள் வைத்துக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் உண்டு. "எல்லாம் சேர்த்து" என்று வாயால் சொல்வதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். டயப்பர், கையுறை, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாய் வழி உணவு, ஆக்சிஜன், படுக்கைப் புண்ணுக்குக் கட்டு, பிசியோதெரபி, டாக்டர் வருகை, ராத்திரி தனி அட்டெண்டர். இவற்றில் எது கட்டணத்தில் அடக்கம், எது தனி என்று எழுதி வாங்குங்கள். போன மாதம் இதே நிலையில் இருந்த ஒருவருக்குப் போட்ட பில்லைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான இல்லம் தயங்காமல் காட்டும்.

நிலை மோசமானால் கட்டணம் எந்தப் படிக்கு ஏறும், வருடாவருடம் எவ்வளவு கூட்டுவார்கள், மருத்துவமனையில் சேர்த்திருக்கும் நாட்களுக்கும் படுக்கைக் கட்டணம் உண்டா, மாதம் நடுவில் இறந்துவிட்டால் மீதியும் முன்பணமும் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் தகராறு அதிகம் வருவது அதில்தான்.

ஜிஎஸ்டி சேர்த்துப் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தங்குமிடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய்வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு.

12. மெடிக்ளைம் இருக்கு, அரசு காப்பீட்டு அட்டையும் இருக்கு. ஹோம் செலவைக் கொடுக்க மாட்டாங்களா?

பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். மருத்துவக் காப்பீடு என்பது மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. குளிப்பாட்ட, ஊட்டிவிட, பார்த்துக்கொள்ள ஆகும் நீண்ட காலச் செலவைப் பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு), 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 5 லட்ச ரூபாய்த் திட்டம் இரண்டுக்கும் இது பொருந்தும்.

ஆனால் இல்லத்திலிருந்து நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்த்தால் காப்பீடு உண்டு. அதனால் பாலிசியை நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம்வரை போகலாம். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

13. இந்தச் செலவுக்கெல்லாம் வருமான வரியில ஏதாவது கழிக்க முடியுமா?

பழைய வரி முறையில் இருப்பவர்கள் கழிக்கலாம். புதிய முறையில் இவை கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, பழகிய எண்களையே இங்கே சொல்கிறேன். 80டி: மூத்த குடிமக்களான பெற்றோரின் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய்வரை. காப்பீடே இல்லையென்றால் அவர்களுடைய மருத்துவச் செலவுக்கே அதே வரம்பு. ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. 80டிடிபி: புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, டிமென்ஷியா, பார்க்கின்சன் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு, மூத்த குடிமக்கள் என்றால் 1,00,000 ரூபாய்வரை, அந்தத் துறை நிபுணரின் மருந்துச்சீட்டு வேண்டும். 80டிடி: மாற்றுத்திறன் சான்று உள்ள, உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 75,000, ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000.

பெற்றோருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு அவர்களுக்கு வரி இல்லை. அதை அவர்கள் பெயரில் வைப்பாகப் போட்டால் வட்டி அவர்களுடைய வருமானம், உங்களுடையதோடு சேராது. இல்லத்து ரசீதில் மருத்துவச் செலவைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

14. எல்லாச் செலவையும் நான்தான் பார்க்கிறேன். அண்ணன் வெளிநாட்டுல, தம்பி ஒண்ணும் தர்றதில்லை. நாளைக்குக் கணக்குக் கேட்டா?

கேட்கும்முன்பே காட்டிவிடுங்கள். ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, என்ன செலவு, எவ்வளவு, யார் கணக்கிலிருந்து, பில் எங்கே. "12ஆம் தேதி, டயப்பர் இரண்டு பாக்கெட், அப்பா கணக்கு, பில் மே மாத உறையில்." இப்படி ஒரு வரி. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பணம் தராதவர்களுக்கும் போகட்டும். அன்றைக்குச் சும்மா இருந்தவர் இரண்டு வருடம் கழித்துச் சந்தேகம் கிளப்புவது கடினம்.

செலவை அப்பாவின் பணத்திலிருந்து செய்வது தவறல்ல. அது அவருக்காகச் சேர்ந்த பணம். உங்கள் கையிலிருந்து போட்டதைப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தால், போடும்போதே அது கடன் என்று நோட்டில் எழுதி மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

15. வேலையை விட்டுட்டு அம்மாவைப் பார்த்துக்கிறேன். அவங்க பணத்துல இருந்து எனக்கு மாசம் ஒரு தொகை எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து, வெளிப்படையாகச் செய்தால். பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் தன் சம்பளத்தையும் பிஎஃப்பையும் விட்டுக்கொடுத்து இந்த வேலையைச் செய்கிறாள். வெளியாள் வைத்தால் கொடுக்கும் பணத்தை அவளுக்குக் கொடுக்க வீட்டில் யாரும் தயங்கக் கூடாது.

அம்மாவுக்குத் தெளிவிருந்தால் அவரே எழுதிக் கொடுக்கட்டும். இல்லையென்றால் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தொகையை முடிவுசெய்து, கையெழுத்திட்ட ஒரு காகிதம் வையுங்கள். நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் (7ஐப் பார்க்கவும்) என்றால், அனுமதி வாங்காமல் தனக்கென்று எதுவும் எடுக்கக் கூடாது.

16. கையில இருந்த காசு கரையுது. அப்பாவோட வீட்டை வித்துடலாமா?

வீட்டைத் தொடும் முன் மற்றவற்றைப் பாருங்கள். வட்டி குறைவான எஃப்டிகளை முதலில் உடையுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைக் கடைசியில் தொடுங்கள். அதில் வட்டி அதிகம், முதல் வருடத்துக்குள் எடுத்தால் வட்டியே கிடையாது, அதன்பிறகு எடுத்தால் 1 முதல் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். அப்பா இல்லத்தில் இருந்து வீடு பூட்டிக் கிடந்தால் வாடகைக்கு விடுங்கள்.

மறு அடமானக் கடன் என்று ஒன்று உண்டு: 60 வயதுக்கு மேற்பட்டவர் சொந்த வீட்டை வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் பெறலாம், அந்தப் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் அவர் அந்த வீட்டில் வசிக்க வேண்டும். தொடர்ந்து ஒரு வருடம் வெளியே தங்கிவிட்டால் கடன் திருப்பிக் கட்ட வேண்டியதாகிவிடும். வீட்டிலேயே வைத்துப் பார்க்க இது பொருந்தும், இல்லத்துச் செலவுக்குப் பொருந்தாது.

விற்பதென்றால் அப்பாவே கையெழுத்திட வேண்டும், அல்லது செல்லுபடியாகும் பவர் இருக்க வேண்டும். 6இல் சொன்னதை மறக்க வேண்டாம்: நினைவு போன பிறகு பழைய பவரை வைத்து விற்றால் அந்த விற்பனையே கேள்விக்குள்ளாகும். விற்ற லாபத்துக்கான ஆதாய வரி அப்பாவின் பான் எண்ணில் வரும். விற்ற பணமும் அவர் கணக்கிலேயே இருக்கட்டும்.

17. அப்பா வீட்டைத் தம்பி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டார். இப்போ அவன் பார்க்க மாட்டேங்கிறான். திரும்ப வாங்க முடியுமா?

முடியலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் 23ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். பத்திரத்தில் நிபந்தனை எழுதப்படாவிட்டாலும், அன்பையும் பாசத்தையும் நம்பிக் கொடுத்ததிலேயே அது அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது. இருந்தாலும் புதிதாக எழுதுகிறவர்கள் நிபந்தனையை வெளிப்படையாகவும், அப்பா அம்மாவுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை வைத்தும் எழுதுங்கள். உயிலாக எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை. பராமரிப்புத் தொகையும் கேட்கலாம், சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567க்குப் பேசுங்கள்.

18. சிபிஐன்னு சொல்லி வீடியோ கால்ல மிரட்டி அம்மாகிட்ட பணம் வாங்கிட்டாங்க. என்ன செய்றது?

உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை இடையிலேயே முடக்க வாய்ப்பு. பிறகு வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று சட்டத்தில் இல்லவே இல்லை. அம்மாவைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார். பெரிய தொகையை யூபிஐ இல்லாத தனிக் கணக்கில் வைத்து, தினசரிப் பரிமாற்ற வரம்பைக் குறைத்துவிடுங்கள்.

19. அப்பா நேத்து ராத்திரி போயிட்டார். காரியச் செலவுக்கு அவர் ஏடிஎம்ல இருந்து எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். இறந்தவரின் தனிக் கணக்கில் கார்டைப் பயன்படுத்தினால், மற்ற வாரிசுகள் கேட்கும்போது விளக்கம் சொல்ல முடியாது. 3இல் சொன்ன ஜாயிண்ட் கணக்கு இருந்தால் அதில் உள்ளதைப் பயன்படுத்தி, நோட்டில் எழுதுங்கள். அவர் இறந்த பிறகான காலத்துக்கு வரவு வைக்கப்பட்ட பென்ஷன் திருப்பிக் கொடுக்க வேண்டியது, அதைத் தொடாமல் வையுங்கள்.

இறப்புச் சான்றிதழை எட்டு பத்துப் பிரதிகளாக வாங்குங்கள். முதலில் பென்ஷன் அலுவலகம், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்க. பிறகு வங்கி, எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாளுக்குள் நாமினிக்கோ உயிருடன் இருக்கும் கணக்குதாரருக்கோ பணத்தைத் தீர்த்துத் தர வேண்டும். இல்லத்து முன்பணம், கடைசி மருத்துவமனை பில்லுக்கான காப்பீட்டுத் தொகை, அந்த வருடத்துக்கான அவருடைய வருமான வரிக் கணக்கு. இந்த மூன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். வரிக் கணக்கை வாரிசு ஒருவர் அவர் சார்பில் தாக்கல் செய்ய வேண்டும், பிடித்த வரி திரும்பக் கிடைக்க வேண்டியிருந்தால் அதன் வழியாகத்தான் வரும்.